தகவல் மேசையில் உட்காரப் போகிறவருக்கு

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் தகவல் மேசையில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள சின்னக் கடையையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். "மருத்துவம் படிக்காத நான் என்ன பதில் சொல்வேன்?" என்று பயப்படுகிறீர்களா? பெரும்பாலானவர்கள் உங்களிடம் வழிதான் கேட்பார்கள்.

அதனால் முதல் நாளே புறநோயாளி பிரிவு, எக்ஸ்ரே அறை, ரத்தப் பரிசோதனை, பணம் கட்டும் இடம் எல்லாவற்றுக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். "பி பிளாக், இரண்டாம் தளம்" என்றால் எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கு உதவாது. "தண்ணீர்க் குழாயைத் தாண்டி, பிள்ளையார் படத்துக்கு எதிரே" என்றால் போய்ச் சேர்ந்துவிடுவார்.

வந்தவர் எல்லோரையும் ஓ.பி. (புறநோயாளி) சீட்டு வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிடலாமா? கூடவே கூடாது. இந்த வேலையில் நீங்கள் தவறவே கூடாத இடம் இது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென வாய் கோணுவது, ஒரு பக்கக் கையோ காலோ விழுந்துபோவது, பேச்சு குழறுவது: இதில் எது இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு (மூளைக்கு ரத்தம் போவது தடைபடும் நோய்) அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வரிசையில் நிற்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் கழியும். சக்கர நாற்காலியை வரவழையுங்கள், சீட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். "வாயுப் பிடிப்பாத்தான் இருக்கும்மா" என்று நோயாளியே சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, பணம் கட்டணுமா?" என்று தினமும் கேட்பார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் மட்டும். கிடைக்கும், கிடைக்காது என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். முன் அனுமதி (சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுத் தரப்பு தரும் ஒப்புதல்) வாங்க வேண்டியிருப்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.

சாலை விபத்தில் அடிபட்டவர் என்றால்? 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் உங்கள் ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறதா என்று இன்றே கேட்டு வையுங்கள். சேர்ந்திருந்தால், முதல் 48 மணி நேரத்துக்கு, அரசு வரையறுத்த தொகை வரை, காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் இலவச சிகிச்சை உண்டு.

"அவருக்கு என்ன வியாதி?" என்று சொந்தக்காரரே கேட்டால் சொல்லலாமா? வேண்டாம். அது டாக்டர் சொல்ல வேண்டியது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஒருவர் இறந்துபோனது தெரியாமல் சொந்தக்காரர் வந்து அவரைப் பற்றிக் கேட்டால், கேட்டவரை உட்காரவைத்துவிட்டு வார்டுக்குப் போன் செய்யுங்கள். அந்தச் செய்தி மேசையில் நின்று கேட்க வேண்டிய செய்தி அல்ல.

கடையில் ஹார்லிக்ஸும் ஆப்பிளும்தான் விற்கும் என்று நினைத்திருப்பீர்கள். துணைக்கு இருப்பவர்கள் ஓடிவருவது ஃபிளாஸ்க், பக்கெட், பாய், சோப்பு, செல்போன் சார்ஜர் கேட்டுத்தான். அவை தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளநீர் கேட்பவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருக்குங்க?" டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்துகொள்பவருக்கு என்றால் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் உப்பைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பே தடுமாறலாம். வாழைப்பழத்துக்கும் இதே எச்சரிக்கைதான். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கு பன், பிஸ்கட் எது கேட்டாலும், நர்ஸைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மேசையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருங்கள். எழுதத் தெரியாதவர் படிவத்தோடு வந்து நின்றால், நீங்களே கேட்டுக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.