கணைய அழற்சி: வலி அடங்கினாலும் ரத்தக்குழாயைக் கவனியுங்கள்

மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் கணைய வலியை ஒருமுறை பட்டவர் மறக்கமாட்டார். மருத்துவமனையில் சில நாள் இருந்து வலி அடங்கியதும் வீடு திரும்புகிறார். பிறகு மறுபடி வருகிறது, மறுபடி அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் கணையத்தை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய்களும் பாதிக்கப்படலாம். அந்தப் பாதிப்பு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

அடைபடும் சிரை

மண்ணீரலிலிருந்து கல்லீரலை நோக்கிச் செல்லும் சிரை, கணையத்தின் முதுகை ஒட்டியே போகிறது. கணையம் அடிக்கடி வீங்கும்போது அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். வழியில்லாத ரத்தம் இரைப்பையின் சிறு சிரைகளுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்க வைக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி வரும்.

குடிப்பழக்கம் உள்ளவர் ரத்த வாந்தி எடுத்தால் ‘கல்லீரல் போச்சு’ என்று ஊரே முடிவுகட்டிவிடும். கல்லீரல் நன்றாக இருந்தும் இப்படி நேரலாம். அப்படிப்பட்டவருக்கு மண்ணீரலை அகற்றினாலே ரத்தப்போக்கு நின்றுவிடக்கூடும். ஆகவே காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது மிக அவசியம்.

அரிக்கப்படும் தமனி

இதைவிட ஆபத்தானது தமனிப் பாதிப்பு. புரதத்தைச் செரிக்கும் கணைய நீர் வெளியே கசிந்தால் தமனியின் சுவரையே அரித்துவிடும். மெலிந்த இடம் பலூன்போல உப்பும். மண்ணீரல் தமனியில்தான் இது அதிகம். அழற்சி தணிந்து மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் உடையலாம்.

சிலருக்கு ரத்தம் கணையக் குழாய் வழியே குடலுக்குள் விட்டுவிட்டு வடியும். எண்டோஸ்கோப்பி செய்யும் நேரத்தில் வடியாவிட்டால் எதுவும் தென்படாது. ‘அல்சர்’ மாத்திரையுடன் நாள்கள் போய்விடும். பெரிய ரத்தப்போக்குக்கு முன் இப்படிச் சிறு கசிவு வருவதுண்டு. உயிரைக் காக்கக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

சி.டி. ஆஞ்சியோகிராம் தமனியில் உப்பிய இடத்தைக் காட்டிவிடும். தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகச் சுருள் வைத்து அதை அடைக்கலாம். பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.

எப்போது ஓட வேண்டும்?

தார்போலக் கருத்த மலம், ரத்த வாந்தி, மயக்கம், திடீரென்று குறைந்த ஹீமோகுளோபின் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மதுவையும் புகையையும் அடியோடு விடுங்கள். பித்தப்பைக் கல் காரணமென்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும், ‘எனக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறது’ என்று முதலில் சொல்லுங்கள். பழைய ஸ்கேன்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.