விலா எலும்பு எடுக்கும் ரோபோ

ரோபோ ஆபரேஷன் என்றதும் இயந்திரம் தானாகவே கத்தியை எடுத்து அறுக்கும் என்று நினைக்காதீர்கள். 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி, உங்கள் மவுஸ் மாதிரிதான். டாக்டரின் கை அசைந்தால்தான் அசையும்.

மார்புச் சுவரில் கட்டி வந்தால் அதனுடன் விலா எலும்பின் ஒரு பகுதியையும் எடுக்க வேண்டும். வழக்கமாக மார்பைப் பெரிதாகத் திறப்பார்கள். ரோபோ முறையில் சிறு துளைகள் போதும். வெட்டிய எலும்பை வெளியே எடுக்க மட்டும் ஒரு துளையைச் சற்றுப் பெரிதாக்குவார்கள். டாக்டர் தள்ளி கன்சோலில் அமர்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி இயக்குவார். கை நடுக்கத்தை சாப்ட்வேர் வடிகட்டிவிடும். கண்ட்ரோல் பேனலில் மவுஸ் வேகத்தைக் குறைப்போமே, அதுபோல கை 3 செ.மீ. நகர்ந்தால் உள்ளே 1 செ.மீ. மட்டும் நகரும்படி வைக்கலாம்.

குறை இல்லாமலா? எலும்பை வெட்டும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பழைய மாடல்களில் கைக்குத் தெரியாது, கண்தான் துணை. 2024-ல் அனுமதி பெற்ற டா வின்சி 5-ல்தான் விசையை உணர்த்தும் கருவிகள் வந்தன.

எடுத்த இடம் பெரிதாக இருந்தால் மூச்சை இழுக்கும்போது அங்கே மார்பு உள்வாங்கும். எனவே வலையைச் சுருட்டித் துளை வழியே அனுப்பி, உள்ளேயே விரித்துத் தைக்கிறார்கள். மணிக்கட்டு போல வளையும் கருவி நுனிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. கட்டி வெளித்தோல் வரை பரவியிருந்தால், மார்பைத் திறந்து செய்வதுதான் வழி.