எட்டு மணி அடிக்கட்டும், இருக்கு கூத்து!

இங்கிலாந்தில் காய்ச்சல் என்றால் நினைத்த டாக்டரிடம் போய் டோக்கன் போட்டுவிட்டு உட்கார முடியாது. பெயர் பதிந்துவைத்திருக்கும் ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். போன் பண்ணுகிறவர்களின் புலம்பல் ஊரறிந்தது. வாங்க, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்போம்!

திங்கட்கிழமை காலை 7.58. ஹெட்போன் மாட்டியாச்சு. டீ ஒரு மடக்கு உள்ளே போயாச்சு. மிச்சம் ஆறிப்போவது நிச்சயம். 8 மணிக்கு லைனைத் திறந்ததுதான் தாமதம், திரையில் காத்திருப்போர் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறுகிறது. நம்மூர் தட்கல் டிக்கெட் தோற்றது போங்கள்! ஆளுக்குப் பத்தே நிமிடம் என்று பிரித்த கட்டங்கள் மளமளவென நிரம்ப, ஒன்பது மணிக்குள் கடை காலி.

“என்ன தொந்தரவுன்னு சொல்றீங்களா?” என்று ரிசப்ஷனிஸ்ட் கேட்பது வம்பளக்க அல்ல. டாக்டரா, நர்ஸா, மருந்துக்கடையா என்று அந்த நொடியே முடிவுசெய்தாக வேண்டும். தொண்டை வலி, பூச்சிக்கடி போன்ற ஏழு உபாதைகளுக்கு 2024 ஜனவரி 31 முதல் மருந்துக்கடையிலேயே பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். அங்கே கைகாட்டினால் ஒரு கட்டம் மிச்சம்!

அதுசரி, ‘அடுத்த செவ்வாய் சாயங்காலம் கொடுங்க’ என்றால் ஏன் கிடைப்பதில்லை? இதே கேள்வி 2005 தேர்தல் சமயத்தில், பி.பி.சி.யின் ‘கொஸ்டின் டைம்’ டி.வி. நிகழ்ச்சி மேடையில் பிரதமர் டோனி பிளேருக்கே வந்தது. 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது அவர் அரசு போட்ட இலக்கு. அதைத் தொட, சில கிளினிக்குகள் முன்பதிவையே இழுத்து மூடிவிட்டன! பிளேருக்கு அப்படியொரு திகைப்பு. அரங்கிலோ ‘எங்களுக்கும் இதே கதைதான்’ என்று கைகள் உயர்ந்தன. 2010-இல் இலக்கு போய்விட்டது. எட்டு மணிக் கூத்து போகவில்லை.

2025 அக்டோபர் 1 முதல் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைனிலும் கோரிக்கை அனுப்பலாம். போன் சத்தம் கொஞ்சம் அடங்கலாம். ஆனால், வந்த கோரிக்கைகளைப் படித்துப் பிரிக்கவும் ஆள் வேண்டுமே! வாசல் எத்தனை திறந்தாலும், உள்ளே இருக்கும் பத்து நிமிடக் கட்டங்கள் அதே கட்டங்கள்தானே!