மீட்டரில் 48, உண்மையில் 58

கடந்த செமஸ்டர் விடுமுறையில் எங்கள் வீட்டுக் காரின் எரிபொருள் அழுத்தத்தை மிகச் சரியாக 48 பி.எஸ்.ஐ.யில் வைத்தேன். பழுதுபார்ப்புக் கையேடு 47 முதல் 50 வரை என்கிறது. மீட்டர் முள்ளும் 48இல்தான் நின்றது. ஆனாலும் அடுத்த மூன்று வாரம் அப்பா பெட்ரோல் நாற்றத்தோடு வேலைக்குப் போய் வந்தார்.

கார், புரோட்டோன் வீரா 1.6. முதலில் அண்ணனுடையது. சிங்கப்பூரில் வேலை கிடைத்து ஜொகூருக்குக் குடிபோவதற்கு முன், அதில் திறந்த வகைக் காற்று வடிகட்டி, எக்ஸ்ட்ராக்டர், கொஞ்சம் பெரிய எக்சாஸ்ட் குழாய் ஆகிய மூன்றையும் மாட்டியிருந்தார். இன்ஜினுக்குள் எதையும் தொடவில்லை. இப்போது அப்பா அதில்தான் கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்குப் போகிறார். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி என்பதால், கார் சம்பந்தப்பட்ட எல்லாமே என் இலாகா என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

“காத்து நெறைய உள்ள போகுதுல்ல, அப்ப பெட்ரோலும் நெறைய வேணும். அழுத்தத்த ஏத்தி வையி” என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். நியாயமாகப்பட்டது. பழைய உதிரிபாகக் கடையில், திருகினால் அழுத்தம் மாறும் ரெகுலேட்டர் ஒன்றை 120 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அதன் தலையிலேயே சின்ன மீட்டரும் இருந்தது. (அது என் கல்விக் கடன் பணம். அப்பா இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொள்ளப் போகிறார்.) எடுத்தவுடன் ஏற்றாமல், முதலில் கையேட்டு எண்ணில் வைப்போம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம் என்று நினைத்தேன். இன்ஜினை ஓடவிட்டு, முள் 48க்கு வரும்வரை திருகினேன். கார் அமைதியாகவே ஓடியது.

நான் எங்கே தவறினேன் என்பது புரிய, அந்தக் குழாய்களுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டியிலுள்ள பம்ப் பெட்ரோலை இன்ஜின் மேலுள்ள ஒரு குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கிருந்து நான்கு இன்ஜெக்டர்கள் அதைத் தூவுகின்றன. இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு வால்வு மட்டுமே. காரின் கணினி ‘இத்தனை மில்லி வினாடி திற’ என்றுதான் சொல்லும். ‘இத்தனை மில்லி பெட்ரோல் ஊற்று’ என்று சொல்ல அதற்கு வழியில்லை. அழுத்தம் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அது நேரத்தைக் கணக்கிடுகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது ரெகுலேட்டரின் வேலை. மிஞ்சிய பெட்ரோலை அது தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது.

ஆனால் எந்த அழுத்தம் மாறக்கூடாது? மீட்டர் காட்டுவது, வெளிக்காற்றோடு ஒப்பிட்ட அழுத்தம். இன்ஜெக்டரின் மூக்கோ வெளிக்காற்றில் இல்லை, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. பெடலை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது காற்றுவழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்க இழுக்க மேனிஃபோல்டில் அழுத்தம் குறைந்து, வெளிக்காற்றைவிடச் சுமார் 10 பி.எஸ்.ஐ. கீழே போய்விடும். மேலே ஒருவர் தள்ள, கீழே இன்னொருவர் இழுக்கும் கதைதான். அந்த இழுப்பை ஈடுகட்டவே ரெகுலேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே மெல்லிய வேக்குவம் ஹோஸ் ஒன்று இருக்கிறது. இழுப்பு 10 என்றால் ரெகுலேட்டர் அழுத்தத்தை 38க்கு இறக்கிவிடும். 38ஓடு அந்த 10ஐச் சேர்த்தால் இன்ஜெக்டர் உணர்வது 48. பெடலை முழுதாக மிதித்தால் மேனிஃபோல்டு வெளிக்காற்றுக்குச் சமமாகிவிடும். அப்போது மீட்டரும் 48 காட்டும், இன்ஜெக்டரும் 48ஐயே உணரும்.

கையேட்டின் அந்த எண், ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டிய எண். அடுத்த வரியிலேயே, ஹோஸ் மாட்டியிருந்தால் சுமார் 38 என்று போட்டிருக்கிறது. நான் எண்ணைப் படித்தேன், வரியைப் படிக்கவில்லை. ஹோஸ் மாட்டியபடியே 48 வைத்ததால், உண்மையில் நான் வைத்தது 58.

படிவம் ஐந்து இயற்பியலில் பெர்னூலி கோட்பாடு படித்தவர்கள் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். துளை வழியே பாயும் திரவத்தின் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 58ஐ 48ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.10. அதாவது ஒவ்வொரு தூவலிலும் 10 விழுக்காடு கூடுதல் பெட்ரோல்.

அப்படியென்றால் கார் உடனே முரண்டு பிடித்திருக்க வேண்டாமா? இல்லை, அதுதான் இதிலுள்ள வில்லங்கம். எக்சாஸ்ட் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சர் புகையைப் பார்த்து, ‘பெட்ரோல் அதிகம்’ என்று கணினிக்குச் சொல்லிவிடும். கணினி திறக்கும் நேரத்தைக் குறைத்து, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்துக்கு மறுபடி கொண்டுவந்துவிடும். சீரான வேகத்தில் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சென்சர் வேலை செய்ய சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது அது இன்னும் விழிக்கவில்லை. பெடலை முழுதாக மிதிக்கும்போதோ கணினி அதன் பேச்சைக் கேட்பதில்லை. இந்த இரண்டு நேரத்திலும் அந்த 10 விழுக்காடு அப்படியே உள்ளே போகும்.

அப்பாவின் பயணத்தில் இந்த இரண்டும் தினமும் உண்டு. விடியற்காலையில் கிளப்பியதும் வாசலெல்லாம் பெட்ரோல் வாசனை. கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது பின்னால் கரும்புகை. மூன்றாவது வாரம் எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்தேன். இன்ஜின் எண்ணெயிலும் பெட்ரோல் வாசனை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து பெரியப்பாவிடம் போனேன்.

பெரியப்பா கிள்ளானில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி பூசியதுபோல் இருந்தது.

“ஹோஸ கழட்டிட்டா வச்ச?”

“இல்ல பெரியப்பா.”

சிரித்தார். “ரெகுலேட்டர மாட்டுறதுக்கு முன்னாடி அழுத்தத்த எப்படி இறக்குன?” என்று கேட்டார். துணியைச் சுற்றிக்கொண்டு குழாயைத் தளர்த்தினேன் என்றேன். அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இன்ஜினை நிறுத்தினாலும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். தளர்த்தியதும் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும், பக்கத்திலேயே சூடான எக்ஸ்ட்ராக்டர். பம்பின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். ஆறிய பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த நான்கு வரியை இரண்டுமுறை படியுங்கள்.

சரிசெய்வதற்கு முன், இரண்டு கடை தள்ளி டைனோ வைத்திருக்கும் நண்பரிடம் காரைக் கொண்டுபோனார். “படிக்கிற பிள்ள, கண்ணால பாரு.” முழு பெடலில் கலவை விகிதம் 11.3 என்று வந்தது. பிறகு ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து வாயை அடைத்து (அடைக்காவிட்டால் காற்று புகுந்து இன்ஜின் தடுமாறும்), தன் சொந்த மீட்டரைப் போட்டு 48க்கு இறக்கி, பூட்டுநட்டை இறுக்கினார். ஹோஸை மாட்டியதும் முள் 38க்கு இறங்கியது. இறங்காவிட்டால் ஹோஸ் வெடித்திருக்கலாம், ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம். மறுபடி ஓட்டியபோது விகிதம் 12.4. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், அதே 1.10 வரும். வகுப்பில் எத்தனையோ சூத்திரம் எழுதியிருக்கிறேன், ஒன்று இப்படி என் முன்னால் வந்து நின்றதில்லை. இன்னொன்று, அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் குதிரைத்திறன் இரண்டு கூடியது.

அந்த ஓட்டத்தில் பெரியப்பா விகிதத்தைவிட அழுத்த மீட்டரையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் வேகம் ஏற ஏற முள் 48ஐ விட்டு இறங்கினால் பம்ப் களைத்துவிட்டது அல்லது எரிபொருள் வடிகட்டி அடைத்துவிட்டது என்று பொருள். எங்களுடையது அசையவில்லை.

என்னுடையது அதிகமாக ஊற்றிய தவறு. இதை மாற்றிச் செய்பவர்களும் உண்டாம். ஹோஸ் கழற்றிய நிலையில் 38 வைத்துவிட்டால், முழு பெடலில் 11 விழுக்காடு பெட்ரோல் குறையும். கலவை வறண்டு, சூடு ஏறி, இன்ஜினுக்குள் தட்டும் ஓசை வரும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகும். அதோடு ஒப்பிட்டால் எனக்கு வந்தது செலவோடு போனது.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். வடிகட்டி, எக்ஸ்ட்ராக்டர், எக்சாஸ்ட் மட்டும் மாற்றிய காருக்கு அழுத்தத்தை ஏற்ற வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளே போகும் காற்றைக் கணினி ஏற்கெனவே சென்சர் வழியாக அளக்கிறது. காற்று கூடினால் அதுவே இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கிறது. கலவை வறண்டிருப்பதை அளந்து பார்த்து, இன்ஜெக்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்றும் தெரிந்தால் அது வேறு கதை. அப்போதும் அழுத்தத்தை ஏற்ற ஏற்ற பம்ப் தரும் அளவு குறையும் என்பதால், பெரிய இன்ஜெக்டர் போட்டுக் கணினியை மறுபடி டியூன் செய்வதே நல்ல வழி.

பெரியப்பா எண்ணெயும் பிளக்கும் மாற்றிவிட்டு, காரோடு வந்த பழைய ரெகுலேட்டரையே திரும்ப மாட்டினார். ஹோஸைக் கழற்றிப் பார்த்தோம். 48. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் மாட்டுவதற்கு முன் அளந்து பார்க்கவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 120 ரிங்கிட்டைத் தவிர. அவர் தட்டிலிருந்து நிமிராமல், “அதான் வாரத்துக்கு இருவது வெள்ளி கூட அடிச்சேனா” என்றார். மூன்று வாரமும் அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.