இலை நிறம் காணும் மலைவழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பாகத்திலே, வர்ஜீனியா, வட கரோலினா என்னும் இரு மாகாணங்களின் மலைகள்மேல் 469 மைல் தூரம் செல்லும் பாதையொன்றுண்டு. புளூ ரிட்ஜ் பார்க்வே என்பது அதன் பெயர். 1935-ம் வருஷம் தொடங்கிய வேலை 1987-ல்தான் முற்றுப்பெற்றது. சரக்கு வண்டிகளுக்கு இதில் இடமில்லை. மற்ற மோட்டார்களும் மணிக்கு 45 மைலுக்கு மேல் ஓடலாகாது. பார்த்துக்கொண்டே செல்வதற்கென்று அமைந்த வழியன்றோ!

அக்டோபர் மாதத்தில் ஜனங்கள் இங்கே திரள்வது இலைகளின் நிறத்தைக் காணவே. இந்நிறம் எங்ஙனம் உண்டாகின்றது? பகற்பொழுது குறுகுங்கால் இலையிலுள்ள பசும்பொருள் சிதைந்து போகிறது. கோடை முழுதும் அதனுள் மறைந்திருந்த மஞ்சள் அப்பொழுது வெளிப்படுகிறது. சிவப்போ, இலையில் தங்கிய சர்க்கரையின் உதவியால் அக்காலத்தில் புதிதாய் உண்டாவது. ஆதலால் பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனியில்லாத குளிரும் வாய்த்த வருஷத்தில் சிவப்பு மிகும்.

இப்பாதை ஓரிடத்தில் 6,000 அடிக்கு மேலேறி, மற்றோரிடத்தில் 700 அடிக்கும் தாழ இறங்குகிறது. நிறமும் உச்சியில் முதலில் தோன்றி, வாரக்கணக்கில் மெல்லக் கீழிறங்கும். ஆகவே மேலே வெறுங்கிளைகளைக் கண்டு, காலந்தவறி வந்தோமென்று வருந்துவோர் வண்டியைத் தாழ்ந்த பகுதிக்குச் செலுத்துவாராயின், தேடி வந்ததை அங்கே காணக்கூடும்.

2024-ம் வருஷம் செப்டம்பர்க் கடைசியில் ஹெலீன் என்னும் புயலால் வட கரோலினாவில் மலைச்சரிவுகள் பெயர்ந்து, பாதை பலவிடங்களில் அறுந்தது. அம்மலையூர்களின் விடுதிகளும் கடைகளும் அக்டோபர் மாதத்து வருவாயைப் பெரிதும் நம்பியிருந்தவை. அவ்வருஷம் பல மைல் தூரத்து இலைகள் காண்பாரின்றியே உதிர்ந்தன.