முறைக்காய்ச்சல்

பழைய வண்டி, பழைய பாதை – 14

ஷெட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி ஒழுங்காக ஓடும். ஷெட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போனதும் முக்கும். பழைய கார் வைத்திருந்த எல்லாருக்கும் இந்த அவமானம் தெரியும். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே சார் இருக்கு?” என்பார். பொய் சொல்லிப் பிடிபட்டவனைப்போல நாம் தலையைச் சொறிவோம்.

சித்தப்பாவின் அம்பாசிடர் விருதுநகருக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். 1986 மாடல், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். சித்தப்பா காலண்டர் ஏஜென்ட். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் வெளியாகும் புது வருஷ ஆல்பங்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவர். அவருக்குக் கண் மங்கியபிறகு வண்டி என் கைக்கு வந்தது. கூடவே அதன் நோயும் வந்தது.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் தாண்டும்வரை ஒரு குறையும் இருக்காது. திருத்தங்கல் நெருங்குகையில், அதுவும் அறுபதில் நிதானமாகப் போகையில், திடீரென்று ஒரு வெட்டு. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து விட்டதுபோல இருக்கும். இரண்டு மூன்று வெட்டுக்குப் பிறகு தானே சரியாகிவிடும். சில நாள் சாத்தூர் வரை போய் வெள்ளரிக்காய் வாங்கித் திரும்பும்வரைகூட ஒன்றும் நடக்காது. சில நாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை.

கிராமத்தில் முறைக்காய்ச்சல் என்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளில் ஆள் நன்றாக எழுந்து நடமாடுவான். இந்தக் காய்ச்சலில் ஒரு தந்திரம் உண்டு. அது தானாக விட்டுப்போன நாளில் கடைசியாக எந்தக் கஷாயம் குடித்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். என் வண்டியிலும் அதுதான் நடந்தது. பிளக் நான்கையும் மாற்றினேன், மூன்று நாள் நன்றாக ஓடியது. பிளக்தான் காரணம் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். நான்காம் நாள் வெட்டியது. கண்டன்ஸர் மாற்றினேன், ஒரு வாரம். பிறகு பாயிண்ட். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. கடைசியாகப் புதுக் காயில். ஒவ்வொன்றும் நோயைக் குணமாக்கியது. நோய் மட்டும் போகவில்லை.

காயில் மேல் சந்தேகம் வந்ததற்கு நியாயம் இருந்தது. நம்மூர்ச் சித்திரை வெயிலில், இன்ஜின் சூட்டையும் சேர்த்து வாங்கும் காயில் உள்ளுக்குள் தளர்ந்துபோவது சகஜம். சூடேறினால் நெருப்பு நிற்கும், அரை மணி நேரம் ஆறப்போட்டால் மறுபடி வரும். தொல்லை என்னவென்றால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டாலும் இதே கூத்துதான்: நிற்கும், ஆறும், ஓடும். அதனால்தான் ரோட்டோரத்தில் பலர் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பில் போடுவதா, காயிலில் போடுவதா என்று தெரியாமல் இரண்டிலும் போட்டுவிட்டு எதனால் சரியானது என்று தெரியாமலே வீடு திரும்புவார்கள். வண்டி நின்ற அந்த நிமிஷமே பார்த்தால்தான் உண்டு. காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிடுங்கி, பிளாக்குக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி, காய்ந்த துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நீலமாகச் ‘சட் சட்’ என்று தாவினால் கரண்டில் குறையில்லை, பெட்ரோல் பக்கம் போகலாம். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதைப் பட்டாசு ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நெருப்புப்பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பாயிண்ட் கருகினால் தீப்பெட்டியின் பக்கப் பட்டையைக் கிழித்து நடுவில் விட்டுத் தேய்ப்பது இங்கே எல்லா டிரைவர்களின் கைவைத்தியம். அந்த மருந்தில் கண்ணாடித் தூளும் சிவப்புப் பாஸ்பரஸும் உண்டு. அன்றைக்கு ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். தேய்த்த பாயிண்டைத் துணியால் துடைத்து, இடைவெளியை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு மறுபடி வைக்காவிட்டால் புது வியாதி ஒன்று சேரும்.

தெப்பக்குளத்துப் பக்கம் சின்னக் கடையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் இருந்தார். பட்டாசுக் கம்பெனி லாரிகளுக்கு ஒயரிங் செய்து பழகியவர். பானெட்டைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுவார். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் தட்டித் தீப்பொறி பறக்கும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயமில்லை. இரும்புக் கருவியையே உள்ளே விடாமல் பித்தளையிலும் மரத்திலும் வேலை செய்யும் ஊருக்குப் பக்கத்தில் இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

அன்று அவர் பானெட்டையே திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்ப முக்குது தம்பி?”

“சும்மா சும்மா முக்குது அண்ணாச்சி.”

“சும்மா எதுவும் முக்காது. ஏத்தத்துலயா, சமதளத்துலயா?”

யோசித்துப் பார்த்தேன். ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது ஒருநாளும் வெட்டியதில்லை. பெட்ரோல் குறையென்றால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பாலம் இறங்கிச் சமதளத்தில் காலை லேசாக வைத்துப் போகும்போதுதான் வெட்டு. ஆறு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அவர் கேட்கும்வரை இது தோன்றவேயில்லை. சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

இப்போதுதான் பானெட் திறந்தது. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டார். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயைக் கழற்றினார். கார்புரேட்டர் பக்கத்து முனையை வாயில் வைத்து, இளநீர் உறிஞ்சுவதுபோல ஒரு இழுப்பு இழுத்தார். வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து இன்னொரு இழுப்பு. மறுபடி அடங்கியது. ஆறு மாதம் ஒளிந்து விளையாடிய நோய், கூப்பிட்டதும் வந்து நின்றது.

நடந்தது இதுதான். லேசாக மிதித்துச் சீராகப் போகையில் அந்தக் குழாயில் உறிஞ்சல் உண்டாகி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சற்றே திருப்பும்; நெருப்பு கொஞ்சம் முன்னாலேயே விழுந்து பெட்ரோல் மிச்சமாகும். ஐட்லிங்கிலும் முழுக்க மிதிக்கும்போதும் தட்டு அநேகமாக அசையாது. அசைகிற தட்டு என்பதால் அதற்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவே ஒரு விரற்கடை நீளத்தில் மெல்லிய எர்த் ஒயர் உண்டு. லட்சம் முறை மடங்கி மடங்கி, மேலுறைக்கு உள்ளேயே அது அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். முற்றிலும் கரண்டு நின்றிருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருக்கலாம். தட்டு தன் அச்சின் வழியாக, பழைய கிரீஸையும் துருவையும் தாண்டி, எப்படியோ உடம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தது. திரும்பும்போது மட்டும் எப்போதாவது விட்டுப்போனது.

வண்டியின் பாதி ஒயரிங் கண்ணுக்குத் தெரியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பல்புக்கு ஒரு ஒயர்தான் போகிறது. திரும்பி வரும் வழி தகரமும் போல்ட்டும்தான். முப்பது வருஷத் துருவும், டிங்கரிங் செய்தவர் வாஷருக்கு அடியிலும் சேர்த்து அடித்த பெயின்டும் அந்த வழியை அடைக்கின்றன. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? எர்த் போய்விட்டது. இன்ஜினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேஸிஸோடு இணைக்கும் செம்புப் பின்னல் அறுந்தால், செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய நூறு, நூற்றைம்பது ஆம்பியரும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். சோக் கேபிள் புகைந்து, சோக்கைக் குறைசொல்லிக் கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்களை நான் அறிவேன்.

இந்த இடத்தில் மீட்டர் நம்மை ஏமாற்றும். ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். அது இழுக்கும் கரண்டு ஒன்றுமேயில்லை. அண்ணாச்சி வைத்திருந்தது 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லைட். அது எரிய ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். ஒற்றை இழையில் அது மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்துக் கார்ப் பிரியர்கள் லூகாஸ் மின்சாதனங்களை ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள். பர்மிங்ஹாமில் விளக்கு செய்து தொடங்கிய ஜோசப் லூகாஸின் கம்பெனி அது. 1961-ல் டி.வி.எஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து, சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்து, நம் வண்டிகளுக்கும் டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொடுத்தது. என்னைக் கேட்டால் அந்தக் கேலியில் பாதி அநியாயம். முப்பது வருஷம் ஒருவரும் திறந்து பார்க்காத இணைப்பு விட்டுப்போனால் செய்தவன் என்ன பண்ணுவான்?

அறுந்த ஒயருக்குப் பதிலாக வீட்டு ஒயரிங் கம்பியைப் போட்டால் தட்டு அசைய முடியாமல் விறைக்கும். அண்ணாச்சி டப்பாவைக் கிளறி, தேய்ந்த டைனமோ கார்பன் ஒன்றை எடுத்தார். அதன் வாலாக இருந்த மெல்லிய செம்புப் பின்னலை வெட்டி, இரு முனையிலும் பற்றவைத்துப் பொருத்தினார். குழாயை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார். இன்ஜின் சத்தம் லேசாகக் கூடியதே தவிர அசரவில்லை. இருபது நிமிஷ வேலை.

கூலியைக் கொடுக்கும்போது, நான் மாற்றிய பழைய சாமான்கள் எங்கே என்று கேட்டார். டிக்கியில் ஒரு காலண்டர் அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கண்டன்ஸர் நன்றாக இருந்தது. பிளக் நான்கும் நன்றாக இருந்தன. பழைய காயிலைக் கையில் எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத மாட்டிக்கோங்க தம்பி, புதுச எடுத்து உள்ள வைங்க” என்றார். அன்றைக்கே மாட்டினேன். இன்னும் அதுதான் ஓடுகிறது.

(தொடரும்)