அத்தா, அம்மாவை விமானத்தில் அனுப்பும் முன் இருக்கையையும் பாருங்கள்



துபாயிலும் அபுதாபியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், பெற்றோரை ஒரு தடவையாவது அங்கே அழைத்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். டிக்கெட் விஷயமாக நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் "எதில் ரேட் கம்மி?" என்றுதான் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு அப்படிக் குறைந்த கட்டணத்தில் போன நம் பெரியவர் ஒருவர், நான்கு மணி நேரம் முழங்காலை நீட்ட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மிச்சம் பிடித்த பணம் டாக்டருக்குப் போனது. எனவே எக்கானமி வகுப்பில் எதை ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை இங்கே விளக்குகிறோம்.

கால் வைக்கும் இடம்

நம் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் உள்ள தூரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். குறைந்த கட்டண விமானங்களில் இது பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம். எமிரேட்ஸ் போன்ற முழுச் சேவை விமானங்களில் சுமார் 32 அங்குலம். இரண்டு அங்குலம் சிறிதாகத் தெரியலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

அகலம் வேறு கணக்கு. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர்தான். ஆனால் ஏர்பஸின் உள் அகலம் கூடுதல் என்பதால் இருக்கை சுமார் 18 அங்குலம் வரும். போயிங் 737இல் சுமார் 17. எமிரேட்ஸின் போயிங் 777 பெரிய விமானம்தான். அதிலும் வரிசைக்குப் பத்துப் பேர் உட்காருவதால் அகலம் 17 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே பெரிய விமானம் என்பதாலேயே இருக்கை அகலமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நமக்குள்ள மூன்று வழிகள்

முதலாவது, மதுரையிலிருந்து நேரடி விமானம். துபாய்க்கு ஸ்பைஸ்ஜெட் பல ஆண்டுகளாகப் பறந்து வந்திருக்கிறது; அபுதாபிக்கு இண்டிகோ 2025 ஜூனில் சேவை தொடங்கியது. இரண்டுமே குறைந்த கட்டண நிறுவனங்கள். இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் சாப்பாட்டுக்கும் தனிக் கட்டணம் வரலாம். ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையம் பக்கம். மாறி ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது, மதுரையிலிருந்து கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ். கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். நடுவில் இறங்கி நடப்பது காலுக்கு நல்லது. ஆனால் காத்திருப்பு இரண்டு, மூன்று மணி நேரம் என்றால் சரி; இரவு முழுவதும் என்றால் வயதானவருக்கு வேண்டாம்.

மூன்றாவது, திருவனந்தபுரத்திலிருந்து எமிரேட்ஸ். கால் வைக்க இடம் கூடுதல், உணவு ஹலால், உபசரிப்பும் நன்று. ஆனால் நம் ஊரிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். விமானத்தில் கிடைக்கும் சுகத்தை ரோட்டிலேயே இழந்துவிடக் கூடாது. கார் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உடம்புக்கு என்ன ஆகிறது?

நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆரோக்கியமானவருக்கு இது மிகக் குறைந்த ஆபத்துதான். சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. முன்பே இரத்தக் கட்டி வந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் போட வேண்டும். இந்த ஆபத்து எந்த நிறுவனத்தின் விமானத்திலும் உண்டு. எழுந்து நடப்பதும் பாதத்தை அசைப்பதும்தான் மருந்து.

நம் தாய்மார்கள் பலர் கழிப்பறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். இது கூடாது. ஜன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுங்கள். யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம்.

டிக்கெட் போடும்போது

1. கட்டணத்தோடு இருக்கைத் தேர்வு, சாப்பாடு, பெட்டி எடை, கார் வாடகை ஆகியவற்றையும் கூட்டி, மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்தது சில சமயம் மலிவாக இருக்காது.

2. நடக்கச் சிரமப்படுபவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்பதை அப்போதே பதிவு செய்யுங்கள். விமான நிலையத்தில் போய்க் கேட்டால் தாமதமாகலாம்.

3. அவசர வழி இருக்கையில் கால் நீட்டலாம் என்று பணம் கட்டாதீர்கள். வயதானவர்களையும் உதவி தேவைப்படுபவர்களையும் அங்கே உட்கார விடமாட்டார்கள்.

4. இன்சுலின், மாத்திரை, மருந்துச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்குச் சாப்பாடு முக்கியம். கட்டணத்தில் உணவு இல்லையென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

5. ஹலால் உணவு வேண்டுமென்றால் குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

இளம்பிள்ளை வேலைக்குப் போகிறான் என்றால் நேரடி மலிவு விமானமே போதும். அந்தப் பணம் வீட்டுக்கு உதவும். அறுபதைத் தாண்டிய அத்தா, அம்மா என்றால் முழங்காலையும் சர்க்கரையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் பணம் கட்டும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விவரம் புரியாதவர்கள் டிக்கெட் போடும் முன்பே அலுவலகத்துக்கு வாருங்கள். உடன் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.